பூகோளப் பாடமும் ஓடியாடும் விளையாட்டும்

பிள்ளைகளுக்குப் பூகோளத்தை விளையாட்டின் வாயிலாகக் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து இன்று ஆசிரியர் கூட்டங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் பெரிதும் பேசப்படுகிறது. இருந்த இடத்தில் இருந்துகொண்டே ஆறுகளையும் மலைகளையும் தலைநகரங்களையும் ஒப்பிக்கச் சொல்லும் பழைய முறையில் சலித்துப்போனவர்களுக்கு இக்கருத்து இனிப்பதில் வியப்பில்லை. பிள்ளைகள் ஓடட்டும், தாவட்டும், அதனூடே உலகத்தையும் அறிந்துகொள்ளட்டும் என்பது கேட்பதற்கு நல்ல பேச்சே. ஆயினும், விளையாட்டு என்ற பெயரில் வகுப்பறைக்குள் வருவன எல்லாம் பூகோளத்தைக் கற்பிக்கின்றனவா, அல்லது பூகோளத்தின் பெயரால் சிறிது நேரம் ஓட விடுகின்றனவா என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள சூலியா தெருவை ஓர் உரைகல்லாகக் கொண்டால் இவ்வாராய்ச்சி எளிதாகும். தமிழர் கால் பட்ட தெரு அது. கடலில் தொடங்கி மலைத்திக்கை நோக்கிச் செல்லும் தெருவும் அதுவே.

ஒப்பித்தலும் மேசை விளையாட்டும்

தமிழில் பூகோளம் நூல்வழியே வந்த கலை. திருநெல்வேலிச் சீமையில் சமயப்பணி புரிந்த இரேனியஸ் 1832இல் வெளியிட்ட 'பூமிசாஸ்திரம்' இத்துறையில் முன்னோடியான நூல். அச்செழுத்தின் வழியே புதிய உலகம் ஒன்று தமிழ்ப் பிள்ளைகளின் முன் விரிந்தது பெரும் பேறு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நூலோடு ஒப்பித்தலும் சேர்ந்து வந்தது. பார்த்திராத ஆற்றின் நீளத்தை மனப்பாடம் செய்த பிள்ளை, தன் வீட்டு வாசல் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று கேட்டால் திகைத்து நின்றது. பாடநூலின் பெயர் பூகோளத்திலிருந்து புவியியலாக மாறிய பின்னும் இத்திகைப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை.

மேலைநாடுகளிலும் இதே குறை இருந்தது. அதற்கு மருந்தாக 18ஆம் நூற்றாண்டிலேயே விளையாட்டைத் தேடினார்கள். இங்கிலாந்தில் ஜான் ஜெஃப்ரீஸ் என்பவர் 1759இல் ஐரோப்பிய வரைபடத்தின் மேல் காய் நகர்த்தி ஆடும் விளையாட்டு ஒன்றை வெளியிட்டார். சுழற்றிவிடும் சிறு பம்பரத்தில் விழும் எண்ணுக்கேற்ப ஆட்டக்காரர் ஊர் ஊராக முன்னேறுவர். அடுத்த சில ஆண்டுகளில் இலண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி, வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டெல்லைகளின்படி அறுத்து, பிள்ளைகள் மீண்டும் பொருத்தும்படி விற்றார். வெட்டுப்படப் புதிர்களுக்கெல்லாம் அதுவே மூதாதை. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரியின் கல்விக் கருவிகளிலும் இவ்வகை மர வரைபடங்கள் இடம் பெற்றிருந்தன. தரையைச் சொரசொரப்பான மணல்தாளாலும் கடலை வழவழப்பாகவும் அமைத்த உருண்டையும் இருந்தது.

இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. நாட்டின் வடிவத்தைக் கை அறிகிறது. எந்த நாட்டுக்கு எது அண்டை நாடு என்பதைக் கண் அறிகிறது. ஆனால் தொலைவு என்பதை இவை எவ்வகையிலும் உணர்த்துவதில்லை. பம்பரம் நல்ல எண்ணைக் கொடுத்தால் ஒரே நகர்வில் ஒரு நாட்டையே கடந்துவிடலாம். ஏற்றமும் இறக்கமும் காற்றும் வெயிலும் அந்தப் பலகையில் இல்லை.

ஓடுவதனால் மட்டும் ஆவதென்ன?

மேசையை விட்டு மைதானத்துக்கு வந்துவிட்டால் இக்குறை தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இன்று பள்ளிகளில் மிகுதியாக ஆடப்படும் மூன்று விளையாட்டுகளைப் பார்க்கலாம்.

முதலாவது, சுவருக்கு ஓடும் விளையாட்டு. வகுப்பறையின் நான்கு சுவர்களிலும் நான்கு கண்டங்களின் பெயர்களை ஒட்டிவைத்து, ஆசிரியர் ஒரு நாட்டின் பெயரைச் சொல்கிறார். பிள்ளைகள் உரிய சுவரை நோக்கி ஓட வேண்டும். இதில் நிகழ்வது என்ன? முதலில் ஓடும் பிள்ளையின் பின்னே மற்றவர்கள் ஓடுகிறார்கள். விடை தெரிந்தும் மெல்ல ஓடும் பிள்ளை தோற்கிறது. விடை தெரியாமல் விரைந்து ஓடும் பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து வெல்கிறது. ஓட இயலாத பிள்ளையோ சுவரோரம் நிற்கிறது. இங்கே கண்டங்களின் பெயர்களை எடுத்துவிட்டுக் காய்கறிகளின் பெயர்களையோ வினைமுற்றுகளையோ ஒட்டினாலும் விளையாட்டு சற்றும் மாறாது. எந்தப் பாடத்துக்கும் பொருந்தும் விளையாட்டு எந்தப் பாடத்தையும் சிறப்பாகக் கற்பிப்பதில்லை. அது தேர்வுக் கேள்விக்குக் கால் முளைத்தது போன்றது.

இரண்டாவது, தரையில் தீட்டிய வரைபடத்தின் மேல் தாவும் விளையாட்டு. சிமெண்டுத் தரையில் உலகப் படத்தை வண்ணத்தில் தீட்டி, பாண்டியாட்டத்தில் கட்டம் தாவுவது போல நாட்டுக்கு நாடு தாவச் சொல்கிறார்கள். முதல் விளையாட்டைவிட இது மேலானது. இருப்பிட உறவு இதில் உண்டு. ஆனால் பெரும்பாலான முற்றங்களில் படம் தீட்டுவோர், தரை எந்தப் பக்கம் நீளமாக இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு ஏற்றவாறு தீட்டிவிடுகிறார்கள். படத்தின் வடக்கு உண்மையான வடக்கை நோக்கி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. படத்தில் கிழக்கே தாவும் பிள்ளை உண்மையில் தெற்கே தாவுகிறது. கண் ஒன்றைக் கற்க, உடல் அதற்கு மாறானதைக் கற்கிறது. அத்தகைய படத்தைத் தீட்டாமல் இருந்திருந்தால் நன்மை இல்லாவிட்டாலும் தீமையாவது இராது.

மூன்றாவது, புதையல் தேடும் விளையாட்டு. பள்ளி வளாகத்தில் சீட்டுகளை மறைத்து வைத்து, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கேள்வியை எழுதி, விடை கண்டவர் அடுத்த சீட்டைத் தேடிச் செல்லும்படி செய்வது. சீட்டில் 'மாமரத்தடிக்குப் போ' என்று எழுதியிருந்தால் இதுவும் முதல் வகையே. 'கொடிமரத்திலிருந்து வடகிழக்கே 40 காலடி' என்று எழுதியிருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அப்போது திசையை அறியாத பிள்ளை புதையலை அடைய முடியாது. காலடியை எண்ணாத பிள்ளையும் அடைய முடியாது. விளையாட்டில் வெல்வதற்குத் தேவையான முயற்சியே பூகோள அறிவாக ஆகிவிடுகிறது.

இந்த மூன்றையும் ஒப்பிடும்போது ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு விளையாட்டிலிருந்து பூகோளத்தை நீக்கிவிட்ட பின்னும் அந்த விளையாட்டு குறையின்றி நடக்குமானால், அதில் பூகோளம் வெறும் ஒட்டுச்சீட்டு. திசை, தொலைவு, ஏற்றத்தாழ்வு, அளவுவிகிதம் ஆகியவற்றை உடல் தாங்கித் தீர வேண்டிய விளையாட்டே பூகோள விளையாட்டு எனத் தகும்.

மேலும் கீழும்

உடலால் பூகோளம் கற்பது தமிழர்க்குப் புதிதன்று என்பதற்கு அவர்கள் மொழியே சான்று. மேற்கு என்ற சொல்லில் 'மேல்' என்பதும், கிழக்கு என்ற சொல்லில் 'கீழ்' என்பதும் அடங்கியிருப்பதை மொழிநூலார் எடுத்துக்காட்டியுள்ளனர். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்திலும் இது பேசப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒருபுறமும் வங்கக் கடல் மறுபுறமும் கிடக்கும் நிலத்தில் வாழ்ந்தவர்கள், ஏறிச் சென்ற பக்கத்தை மேற்கு என்றும் இறங்கிச் சென்ற பக்கத்தைக் கிழக்கு என்றும் வழங்கினார்கள். மலைக்கு அப்பால் வாழும் மலையாளிகளுக்கு மலை கிழக்கே இருக்கிறது. அவர்களும் கிழக்கு என்றே சொல்கிறார்கள். ஆனால் மேற்கைப் பெரும்பாலும் ஞாயிறு படியும் திசை என்ற பொருள்பட வழங்குகிறார்கள். நிலத்தின் சரிவு காலுக்குத் தெரிந்து, காலின் வழியே சொல்லுக்குள் புகுந்திருக்கிறது.

இப்போது ஒரு தமிழ்ப் பிள்ளை வகுப்பறையில் சுவர்ப்படத்தின் முன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். படத்தின் மேற்பக்கம் வடக்கு என்கிறார் ஆசிரியர். பிள்ளையின் மொழியிலோ 'மேல்திசை' என்றால் மேற்கு. சுவரில் தொங்கும் தாள் ஒன்றைச் சொல்ல, வாயில் வழங்கும் சொல் வேறொன்றைச் சொல்கிறது. வடக்கு எங்கே என்று கேட்டால் கூரையைக் காட்டும் பிள்ளைகள் இதனால்தான் உண்டாகிறார்கள். இதற்கு மருந்து படத்தைக் கழற்றித் தரையில், உண்மையான வடக்கை நோக்கி விரித்து, அதைச் சுற்றிப் பிள்ளைகளை நிற்கச் செய்வதே. செலவு ஏதும் இல்லாத இந்த ஒரு செயல், வண்ணம் தீட்டிய முற்றங்கள் பலவற்றைவிட மிகுந்த பயன் தரும்.

ஜார்ஜ் டவுன் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நற்பேறும் உண்டு. அந்நகரிலும் கடல் கிழக்கே இருக்கிறது. 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலை மேற்கே இருக்கிறது. தமிழகத்தில் பிறந்த சொற்கள் கடல் கடந்து வந்தும் அங்கே பொய்க்கவில்லை. தைப்பூசத்தின்போது பினாங்குத் தெருவிலிருந்து வெள்ளித்தேர் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுகிறது. அதன் பின்னே வெறுங்காலோடு நடக்கும் பிள்ளை கீழ்ப்புறத்திலிருந்து மேற்புறத்துக்கு, அதாவது தாழ்விலிருந்து உயரத்துக்கு நடக்கிறது. ஆண்டுதோறும் நடந்த கால்கள் அறிந்த ஒன்றை வகுப்பறை கேட்டு வாங்கிக்கொள்வதில்லை.

களிமண்ணும் கோபுரமும்

காலின் அறிவை வகுப்பறைக்குக் கொண்டுவர முயன்ற அறிஞர்கள் உண்டு. பிள்ளையின் முதல் பூகோளம் அது வாழும் ஊரும் வீடுமாகவே இருக்க வேண்டும் என்று 1762இல் வெளிவந்த 'எமீல்' என்னும் நூலில் ரூசோ வற்புறுத்தினார். அதைச் செயலில் காட்டியவர் சுவிட்சர்லாந்தின் பெஸ்டலோசி. இவெர்டோன் நகரில் அவர் நடத்திய பள்ளியில், பிள்ளைகளை அருகிலுள்ள பியூரோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு நடத்திச் செல்வார்கள். பிள்ளைகள் பள்ளத்தாக்கை உற்றுப் பார்த்து, அங்கிருந்தே களிமண்ணைச் சுமந்து வந்து, பெரிய மேசைகளின் மேல் அந்நிலத்தின் உருவத்தைப் பிசைந்து செய்வார்கள். பின்னும் நடப்பார்கள், பின்னும் உருவத்தைத் திருத்துவார்கள். அது நிறைவேறிய பின்னரே வரைபடம் அவர்கள் கண்ணில் காட்டப்பட்டது. 1807இல் அங்கு வந்து பார்த்த கார்ல் ரிட்டர், பின்னாளில் ஜெர்மானியப் பூகோளக் கலையின் தந்தையருள் ஒருவராக விளங்கினார். பெஸ்டலோசிக்குப் பூகோளச் செய்திகள் மிகுதியாகத் தெரியாவிட்டாலும், பூகோளத்தைக் கற்கும் முறையை அவரிடமே கற்றதாக ரிட்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

தமிழகத்தோடும் பினாங்கோடும் தற்செயலாகத் தொடர்பு கொண்ட மற்றோர் அறிஞர் பாட்ரிக் கெடிஸ். எடின்பரோவில் அவர் அமைத்த நோக்குக் கோபுரத்தில், வருவோர் முதலில் உச்சிக்கு ஏற வேண்டும். அங்கிருந்து நகரைக் கண்ணாரக் கண்ட பின், மாடி மாடியாக இறங்கும்போது நகரம், நாடு, ஐரோப்பா, உலகம் என்று காட்சி விரிந்துகொண்டே போகும். அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லும் அறிவை அவர் படிக்கட்டில் வைத்தார். 1914இல் அவர் தம் நகரக் கண்காட்சியைச் சென்னைக்கு அனுப்பியபோது, அதை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' கப்பலை ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்தது. அதே அக்டோபர் மாதத்தின் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து இரஷ்யப் போர்க்கப்பலொன்றைத் தகர்த்ததும் அந்த எம்டனே. கெடிஸ் மனம் தளராமல் புதிதாகப் படங்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்; மதுரை, தஞ்சை முதலிய நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். எந்த நகரையும் நடந்து அறிந்த பின்னரே அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை.

விளையாட்டின் பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்தது ஸ்வீடன் நாட்டின் திசையறி ஓட்டம். எர்ன்ஸ்ட் கிலாண்டர் என்பவர் 1918-19இல் இளைஞர்களை வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்துக் காட்டுக்குள் ஓடவிட்டார். வழி தவறுகிறவன் எத்துணை விரைவாக ஓடினாலும் தோற்பான். மெல்ல ஓடினாலும் நிலத்தைச் சரியாகப் படித்தவன் வெல்லக்கூடும். இந்த ஓட்டத்துக்கென்று 1961இல் அனைத்துலகக் கூட்டமைப்பு தோன்றியது. மேலே கூறிய அளவுகோலால் அளந்தால் இது முற்றிலும் தேறும்.

சூலியா தெரு என்னும் பாடம்

காடும் பள்ளத்தாக்கும் இல்லாத நகரத்துப் பள்ளி என்ன செய்யும் என்ற கேள்வி எழலாம். அதற்குச் சூலியா தெரு விடை கூறும். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய பின் அமைத்த நகரின் பழைய எல்லைகளுள் ஒன்று அத்தெரு. தொடக்கத்தில் மலபார் தெரு என்று வழங்கியது. சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பிற்பெயர் பெற்றது. அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா அத்தெருவிலேயே இருக்கிறது. 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அண்மையில் இருக்கிறது. இவற்றை வரலாறாகச் சொல்லித் தருவோர் பலர். பூகோளமாகச் சொல்லித் தருவோர் அருகியே காணப்படுகின்றனர்.

தெருவின் கடலோரப் பகுதிக்கு 'காட் லெபோ சூலியா' என்று பெயர். 'காட்' என்பது இந்தியாவிலிருந்து வந்த சொல். படித்துறை என்று பொருள். ஆனால் அங்கே படித்துறையைக் காணோம். முற்காலத்தில் கடற்கரைத் தெரு என்று பொருள்படும் பீச் ஸ்திரீட்டிலேயே கரை இருந்தது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்னும் புதிய கரையை அமைத்தார்கள். பிள்ளைகளைப் பழைய கரையில் நிறுத்தி, இன்றைய கடல் வரைக்கும் காலடியை எண்ணிக்கொண்டு நடக்கச் சொன்னால், மனிதன் கடலிடமிருந்து வாங்கிய நிலத்தின் அகலம் காலடிக் கணக்கில் கிடைத்துவிடும். ஒரு பிள்ளைக்கு ஓர் எண், மற்றொரு பிள்ளைக்கு வேறோர் எண் வரும். ஏன் வேறுபட்டது என்று அவர்கள் வாதிடும்போது அளவை என்பதன் தேவை தானே புலப்படும்.

அளவுவிகிதத்தையும் அத்தெருவில் கற்கலாம். வெல்ட் கீயிலிருந்து பினாங்கு சாலை வரையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பினாங்கிலிருந்து நாகூர் வரையில் வான்வழியே சுமார் 2,300 கிலோமீட்டர். கடல்முனையைப் பினாங்காகவும் மேற்குமுனையை நாகூராகவும் கொண்டால், தெருவில் ஒரு மீட்டர் கடலில் 2.3 கிலோமீட்டராகும். ஜார்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே படகு கடக்கும் நீர்ப்பரப்பு ஒரு தாவலில் அடங்கிவிடும். மேற்கு நோக்கி நடக்கும் பிள்ளை சுமார் 240 மீட்டரில் சுமத்திராவின் வடமுனையான ஆச்சேயை எட்டும். சுமார் 320 மீட்டரில் பெரிய நிக்கோபார் தீவு வரும். அதற்குப் பின் தெருவின் மூன்றில் இரண்டு பங்கும் வெறும் கடல்! 1926 முதல் 1973 வரை நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலில் பாட்டனும் பாட்டியும் நாட்கணக்கில் ஏன் நீரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள் என்பது அப்போது பேரப்பிள்ளையின் காலுக்குத் தெரியும். வங்காள விரிகுடா என்று பத்து முறை எழுதினாலும் இது தெரியாது.

திசைப் பாடத்துக்கும் அங்கே குறைவில்லை. பினாங்கிலிருந்து மக்கா நகரம் மேற்குக்குச் சுமார் 22 பாகை வடக்காக இருக்கிறது. நாகூரோ சுமார் 16 பாகை வடக்காக இருக்கிறது. தொழுகைக்காக மக்காவை நோக்கி நிற்பவர் ஏறக்குறைய நாகூரையும் நோக்கியே நிற்கிறார். திசைகாட்டியும் கயிறும் கொண்டு இவ்விரு கோடுகளைத் தரையில் பிள்ளைகள் இழுத்துப் பார்ப்பார்களானால், சமயமும் வணிகமும் குடிபெயர்வும் ஒரே கடல்வழியில் வந்த கதையைத் தனியே விளக்க வேண்டியிராது.

நிழலை மிதிக்கும் விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைச் சற்றே நெறிப்படுத்தினால் வானமும் பாடமாகும். பினாங்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்கும் சற்றுக் குறைந்த இடத்தில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் உச்சிவேளையில் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களில் உச்சி நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். உச்சிவேளை என்பது கடிகாரத்தில் 12 மணியும் அன்று. 1982 ஜனவரி முதல் நாளிலிருந்து தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளி வைக்கப்பட்டதால், பினாங்கில் ஞாயிறு உச்சியை அடையும்போது கடிகாரம் ஒன்றேகால் மணியைத் தாண்டியிருக்கும். அரசு வகுத்த நேரம் ஒன்று, ஞாயிறு காட்டும் நேரம் மற்றொன்று என்பதை ஒரு கோலும் சுண்ணக்கட்டியும் கொண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாமே கண்டறிய முடியும்.

தெருவில் பிள்ளைகள் எங்கே?

பினாங்கில் இத்திக்கில் முயற்சியே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. ஜேனட் பிள்ளையின் முயற்சியால் 1999இல் தோன்றிய ஆர்ட்ஸ்-எட் என்னும் அமைப்பு, 'அனாக்-அனாக் கோத்தா' என்னும் திட்டத்தின் வாயிலாகப் பிள்ளைகளை ஜார்ஜ் டவுனின் உள்நகரத் தெருக்களுக்கு அழைத்துச் சென்றது. கைவினைஞரையும் கடைக்காரரையும் முதியோரையும் கண்டு பேசிக் கேட்டதைக் கலையாக வடிக்கச் செய்தது. ஓர் இடத்தின் பண்பாட்டை வரைபடமாக்கும் முறையைப் பற்றி 2013இல் அவர் நூலும் எழுதினார். மரபும் கலையும் அம்முயற்சியின் நோக்கங்கள். பூகோளத்தைக் கற்பிப்பதை அது தன் கடமையாக ஏற்கவில்லை. தெருவே பள்ளியாகும் என்பதை அது மெய்ப்பித்துக் காட்டிவிட்டது. அந்தப் பள்ளியில் பூகோளப் பாடத்தையும் நடத்துவது பள்ளி ஆசிரியர்களின் பொறுப்பாக எஞ்சி நிற்கிறது.

அப்பொறுப்பை ஒத்திப்போட முடியாத காரணம் ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் வாடகைகள் உயர்ந்தபோது, உள்நகரத்தில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமையாக அறிவித்தது. கட்டடங்கள் காக்கப்பட்டன, விடுதிகளும் உணவுக்கடைகளும் பெருகின. தெருவில் விளையாடும் பிள்ளைகள் குறைந்தார்கள். முன்பு எந்தச் சந்து கடலுக்குப் போகும், எந்தப் பக்கம் மழை முதலில் வரும் என்பதைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். ஐந்தடி நடைபாதையில் ஓடிப் பிடித்து விளையாடியதே அவர்களுக்குப் பூகோளப் பயிற்சியாக இருந்தது. தெரு தானே கற்பித்த காலத்தில் பள்ளி ஒப்பிக்கச் சொன்னாலும் இழப்பு பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது இரண்டாவது ஆசிரியரும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்.

பாடத்திட்டமும் இதற்குப் பெரிதாக உதவவில்லை. மலேசியத் தொடக்கப் பள்ளிகளில் 2014 முதல் நான்காம் ஆண்டில் வரலாறு தனிப்பாடமாயிற்று. அவ்வாறு ஒரு தனியிடம் அப்போது பூகோளத்துக்குக் கிடைக்கவில்லை. காலம் தெரிந்து இடம் தெரியாத பிள்ளைக்கு வரலாறும் பாதியே விளங்கும்.

மறுப்புகள்

இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்பார் சிலர். தேர்வுக்குரிய பாடமே முடியாதபோது தெருவில் காலடி எண்ணுவது எப்படி? இம்மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் ஒட்டுச்சீட்டு விளையாட்டுகளுக்கு இப்போதே நேரம் செலவிடப்படுகிறது. சுவருக்கு ஓடும் பத்து நிமிடத்தை நிழலை அளக்கும் பத்து நிமிடமாக மாற்றக் கூடுதல் நேரம் வேண்டியதில்லை. உடற்பயிற்சி ஆசிரியரும் பூகோளம் கற்பிக்கும் ஆசிரியரும் கலந்து பேசினால் போதும்.

சூலியா தெருவில் வண்டிகள் நிறைந்திருக்கும்போது பிள்ளைகளை எப்படி ஓடவிடுவது என்பது மற்றொரு மறுப்பு. ஓட வேண்டியதில்லை, மேலே கூறியவை பெரும்பாலும் நடையிலேயே அடங்கும். விடுமுறைக் காலையில் பெரியவர் துணையோடு நடந்தால் போதும். உடலால் கற்பது என்றாலே வியர்த்து ஓடுவது என்று கொள்வது தவறு. ஓட இயலாத பிள்ளைக்கும் நிழலைக் குறிக்கவும் கயிற்றைப் பிடிக்கவும் சக்கர நாற்காலியின் சுழற்சியை எண்ணித் தொலைவு காணவும் முடியும். யாரையும் சுவரோரம் நிறுத்தாத விளையாட்டே பள்ளிக்கு ஏற்றது.

மூன்றாவது மறுப்பே வலுவானது. கண்டங்களின் நகர்வையும் பருவக்காற்றின் தோற்றத்தையும் காலால் நடந்து அறிய முடியுமா? முடியாது. பூகோளத்தின் பெரும்பகுதி உடலுக்கு எட்டாதது. அங்கே வரைபடமும் நூலும் ஆசிரியரின் விளக்கமுமே துணை. விளையாட்டே போதும் என்று பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். பெஸ்டலோசியின் பிள்ளைகளும் களிமண்ணோடு நின்றுவிடவில்லை. அதன் வழியே வரைபடத்தை வந்தடைந்தார்கள். ஒவ்வொரு விளையாட்டும் ஒரு தாளில் கோடாக முடிய வேண்டும். சூலியா தெருவை நடந்து முடித்த பிள்ளை அன்றே அதை வரைய வேண்டும். தன் காலடி ஒவ்வொன்றும் தாளில் எத்துணைச் சிறிதாயிற்று என்பதைக் கண்ட பின், உலகப் படத்தில் ஒரு விரற்கடைக்கு என்ன பொருள் என்பதை அது அறிந்துகொள்ளும். நடக்காத பிள்ளைக்கு அந்த விரற்கடை மையால் இட்ட கோடாகவே இருக்கும்.

பாலை முதல் நெய்தல் வரை ஐந்திணைகளைப் பட்டியலாக ஒப்பிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். கருப்பொருளும் உரிப்பொருளும் பிழையின்றி வரும். ஜார்ஜ் டவுன் கடலோரத்தில் நின்றால் முன்னே நெய்தலும் திரும்பிப் பார்த்தால் குறிஞ்சியும் ஒரே பார்வையில் தெரியும். நீரிணையைக் கடந்தால் செபராங் பிறையின் நெல்வயல்களில் மருதமும் உண்டு. இலக்கணம் வகுத்தோர் நிலத்தைப் பார்த்தே திணையை வகுத்தார்கள். ஆற்றுப்படை பாடிய மரபினரும் வழியை நடந்து அறிந்தவன் நடக்கப்போகிறவனுக்குச் சொல்வதாகவே பாடினார்கள்.

1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலோடு இணைந்து மலாயாவின் முதல் தமிழ் வகுப்பு தொடங்கிய ஊர் ஜார்ஜ் டவுன். அந்த ஊரின் தமிழ்ப் பள்ளிகள் முதலடி எடுத்து வைப்பது பொருத்தமாக இருக்கும். ஆண்டுக்கு இரண்டு நடை, நிழல் ஒடுங்கும் இரண்டு உச்சிப்பொழுதுகள், வகுப்பறைத் தரையில் வடக்கு நோக்கி விரித்த ஒரு படம்: தொடக்கத்துக்கு இவ்வளவு போதும். புதிய விளையாட்டுக் கருவிகளை வாங்குவதற்கு முன்னால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் இந்த அளவுகோலைத் தம் மாணவர் கையில் கொடுப்பது நலம்.